கோலாரில் ஒன்றும் பதிவாகாத இரண்டு மாதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். அடுத்து முனைவர் பட்டத்துக்கு 'கனமான மயோரானா நியூட்ரினோ, அரிய சிதைவுகளில் சமச்சீர் மீறல்' என்று ஒரு தலைப்பை எடுக்கப் போகிறாளாம். இதுவரை யாருமே பார்க்காத துகள் என்று அவளே சொல்கிறாள். ஐந்து வருடம் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதி வருவதற்கா படிக்க வைத்தோம்? தரவு அறிவியல் பக்கம் போகச் சொல்லி நீங்கள் நாலு வரி எழுதினால் கேட்பாள். உங்கள் எழுத்தைத் தவறாமல் படிப்பவள்.

சி., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள சி.,

அந்த நாலு வரியை நான் எழுத மாட்டேன். வேலை கிடைக்குமா என்பதை விடுங்கள், கோடிக்கணக்கான பதிவுகளைச் சலித்துப் பழகிய பெண்ணுக்கு இந்த ஊரில் வேலை இருக்கிறது. என்னைக் குத்தியது 'ஒன்றும் இல்லை என்று எழுதி வருவதற்கா' என்ற உங்கள் வரிதான். கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது.

முதலில் அவள் எதைத் தேடப் போகிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு துகளுக்கும் அதே நிறையும் எதிர் மின்னூட்டமும் கொண்ட ஒரு எதிர்த்துகள் உண்டு. மின்னூட்டமில்லாத ஒரு துகள் தனக்குத் தானே எதிர்த்துகளாகவும் இருக்கலாம் என்று 1937-இல் எத்தோரே மயோரானா என்ற இத்தாலிய இயற்பியலாளர் எழுதினார். எதிலும் அநேகமாக மோதாமல் ஊடுருவிப் போகும், மின்னூட்டமில்லாத நுண்துகளான நியூட்ரினோ அப்படிப்பட்டதா என்பது இன்னும் முடிவாகவில்லை. நாம் அறிந்த நியூட்ரினோக்களுக்கு நிறை ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு, அவற்றுக்குக் கனமான கூட்டாளிகள் இருக்கலாம் என்பது ஒரு பதில். இருந்தால், கேயான் என்ற குறுகிய ஆயுள் துகளின் நேர்மின் வகை சிதையும்போது ஒரே மின்னூட்டமுள்ள இரண்டு மியூவான்கள் (எலக்ட்ரானின் கனமான உறவுகள்) வெளிவரலாம். வழக்கமான விதிகளில் அதற்கு இடமே இல்லை. ஏறக்குறைய ஒரே நிறையில் இரண்டு கனமான நியூட்ரினோக்கள் இருந்துவிட்டால் கேயான் ஒரு வீதத்திலும் அதன் எதிர்த்துகள் வேறு வீதத்திலும் இப்படிச் சிதையக்கூடும். சமச்சீர் மீறல் என்று உங்கள் மகள் சொல்வது அதைத்தான். பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் மிஞ்சாமல் பொருள் மட்டும் மிஞ்சியதற்குக் கனமான நியூட்ரினோக்களே காரணமாக இருக்கலாம் என்று 1986-இல் ஃபுகுகிதா, யானகிதா என்ற ஜப்பானிய இயற்பியலாளர்கள் சொன்னார்கள். நாமெல்லாம் ஏன் இருக்கிறோம் என்ற கேள்வி ஐயா இது!

யாரும் பார்க்கவில்லை, சரி. ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தில் என்ஏ62 என்ற சோதனைக் குழு அந்தக் கேயான் சிதைவைத் தேடியது. ஒரு லட்சம் கோடி கேயான் சிதைவுகளில் இந்த வகை சுமார் 42-க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று 2019-இல் அறிவித்தது. இதையா ஒன்றும் இல்லை என்கிறீர்கள்? இந்த நிறையில், இந்த வலிமையோடு அந்தத் துகள் இருந்திருந்தால் இத்தனை தடவை கண்ணில் பட்டிருக்க வேண்டும், படவில்லை, ஆகவே அங்கே அது இல்லை. இது சம்பாதித்த அறிவு. தேடாதவன் சொல்லும் 'இல்லை'யும் தேடியவன் எண்ணோடு சொல்லும் 'இல்லை'யும் ஒன்றாகிவிடுமா?

என் பெரியப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் தோ பாயோவில் மகன் வீட்டில் இருந்தார். சாயங்காலம் புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து, கூண்டில் இறங்குவதையும் பாறையின் சூட்டையும் பம்பாயிலிருந்து கருவிகளோடு வந்தவர்களையும் பற்றிச் சொல்வார். "அவங்க தேடினது கிடைச்சுதா?" என்று என்னைக் கேட்டார். அவருக்காகத்தான் தேடிப் படித்தேன்.

1960களின் தொடக்கத்தில் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார், காற்றுமண்டலத்திலிருந்து பொழியும் மியூவான்கள் ஆழம் போகப் போக எப்படிக் குறைகின்றன என்று அங்கே அளந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2,700 மீட்டருக்கும் கீழே கருவியை வைத்து ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. நீங்களாக இருந்தால் மூட்டை கட்டச் சொல்லியிருப்பீர்கள். அவர்களோ, மியூவான் தொல்லையில்லாத இந்த ஆழத்தில்தான் நியூட்ரினோவைப் பிடிக்க முடியும் என்று புரிந்துகொண்டார்கள். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்தார்கள். 1965-இல், சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளம் கிடைத்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்க இயற்பியலாளர் ரெய்ன்ஸின் குழுவும் கண்டது. அதற்குமுன் காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகில் யாரும் கண்டதில்லை.

இதைச் சொன்னபோது பெரியப்பாவுக்கு நியூட்ரினோவைவிட அந்த இரண்டு மாதம்தான் பிடித்துப்போனது. "ஒண்ணும் வரலைன்னு ஒளிக்காம எழுதினாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மனிதர் பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர்.

இந்த ஊரில் நாம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ தொடங்கி, துணைப்பாட வகுப்பு வகுப்பாக, விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விகளை மட்டுமே கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கிறோம். அதையெல்லாம் தாண்டி உங்கள் வீட்டுப் பெண் விடை தெரியாத ஒன்றைக் கேட்கத் துணிந்திருக்கிறாள். அவளைப் பிடித்து இழுக்க என்னைக் கையாளாக்காதீர்கள்.

எனக்கு எழுதியதற்குப் பதில் அவளிடம் பேசியிருக்கலாம். கேயானிலா, அதைவிடக் கனமான பி மேசான் என்ற துகளிலா, எதில் தேடப் போகிறாய் என்று கேளுங்கள். கேயான் என்றால், புரோட்டான் நிறையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை உள்ள நியூட்ரினோ அகப்படலாம். பி மேசான் என்றால் ஐந்து புரோட்டான் நிறை வரைக்கும் போகலாம். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் உட்காருங்கள். அவள் சொல்லி முடித்தபிறகும் தரவு அறிவியல்தான் வேண்டும் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.