பெலெலியு தீவுச் சண்டையில் இளம் வீரர்களை அதிகம் வாட்டியது எது?

குண்டு என்றுதான் பலரும் நினைப்போம். நான் தாகத்தைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பர் 15 அன்று, ஜப்பானியர் வசமிருந்த பசிபிக் தீவான பெலெலியுவில் அமெரிக்க மரைன் படை, அதாவது கடல்வழியாகக் கரையிறங்கிப் போரிடும் படை, இறங்கியது. பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, பாவம். வெயில் 40 டிகிரிக்கு மேல். குடிக்க வந்த தண்ணீரோ, சரியாகக் கழுவாத எண்ணெய் பீப்பாய்களில் அடைத்தது. துருவும் எண்ணெயும் கலந்த அதைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள்.

தரை முழுக்கப் பவளப்பாறை. பதுங்குகுழி தோண்ட மண்வெட்டி இறங்காது. கல்லை அடுக்கி அதன் பின்னால் படுத்தார்கள். பீரங்கிக் குண்டு விழுந்தால் பாறைச் சில்லும் சேர்ந்து பாயும். இறந்தவர்களைப் புதைக்கவும் வழியில்லை. அந்த நாற்றத்துக்குள்ளேயே சாப்பாடு, தூக்கம்.

சில நாளில் முடிந்துவிடும் என்றார் தளபதி. ஜப்பானியர்கள் குகைகளுக்குள்ளிருந்து சண்டையிட்டதால் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது.