பூ நிறைய, காய் இல்லை: மாடி வெள்ளரியில் பிஞ்சு உதிர்வது ஏன்?

கேள்வி: திருச்சியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் ஆறு பைகளில் மாசி மாதம் வெள்ளரி விதை ஊன்றினேன். கொடி நன்றாக ஏறிவிட்டது, பந்தல் முழுக்க மஞ்சள் பூ. ஆனால் பிஞ்சு சுண்டுவிரல் அளவுகூட வராமல் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தப்பிப் பிழைத்த மூன்று காய்களும் ஒரு முனை பருத்து, மறு முனை சூம்பி வளைந்திருந்தன, கசக்கவும் செய்தன. பக்கத்துப் பையில் பாகல் இருப்பதால் கசக்கிறதா? வாரம் ஒரு முறை காலையில் வேப்பெண்ணெய் தெளிக்கிறேன். சத்துக் குறைவோ என்று கடலைப் புண்ணாக்குக் கரைசலும் இரண்டு முறை ஊற்றினேன் ஐயா.

பதில்: வணக்கம் அம்மா. கொடி நன்றாக ஏறிப் பந்தல் நிறையப் பூத்திருக்கும்போது சத்துக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. புண்ணாக்குக் கரைசலை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலையும் தண்டும்தான் கொழுக்கும், காய் பின்தங்கிவிடும். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டவை இரண்டு: மூன்றாவது மாடி, காலையில் வேப்பெண்ணெய். இந்த இரண்டாலும் உங்கள் பந்தலுக்குத் தேனீ வராமல் போயிருக்க வேண்டும்.

அதை உறுதி செய்துகொள்ள, உதிர்ந்த பிஞ்சுகளில் நாலைந்தைப் பொறுக்கி நீளவாக்கில் பிளேடால் பிளந்து பாருங்கள். உள்ளே சுத்தமாக, புழு இல்லாமல், பூ இருந்த நுனியிலிருந்து சுருங்கிக்கொண்டு வந்திருந்தால் அது மகரந்தம் சேராத பிஞ்சு. தோலில் ஊசியால் குத்தியது போல் புள்ளியும், அதில் பிசின் கசிந்த தடமும், உள்ளே வெள்ளைப் புழுவும் இருந்தால் அது பழ ஈயின் வேலை. அப்படியென்றால் உதிர்ந்த பிஞ்சு ஒன்றைக்கூடப் பையிலேயே கிடக்க விடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வெளிவரும். பிஞ்சுகளைப் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள். ஆனால் காய் ஒரு முனை பருத்து மறு முனை சூம்பியதாகச் சொல்கிறீர்களே, அது பெரும்பாலும் அரைகுறையாக மகரந்தம் சேர்ந்ததன் அடையாளம். விதை பிடித்த பக்கம் பருக்கிறது, பிடிக்காத பக்கம் அப்படியே நின்றுவிடுகிறது.

வெள்ளரியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ மெல்லிய காம்பில் கொத்தாக வரும். பெண் பூ பெரும்பாலும் தனியாக வரும். இதழுக்குக் கீழே குட்டி வெள்ளரி போலச் சொரசொரப்பாக ஒரு பிஞ்சு அப்போதே இருக்கும். அது காய்த்துவிட்ட பிஞ்சு அல்ல, மகரந்தத்துக்குக் காத்திருக்கும் சூலகம். பலரும் அதைப் பார்த்து "காய் பிடித்துவிட்டது, பிறகு உதிர்ந்துவிட்டது" என்று வருந்துகிறார்கள். உண்மையில் காய் பிடிக்கவே இல்லை. ஒரு பூ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும். அந்தக் காலைப் பொழுதுக்குள் தேனீ ஒரு முறை அல்ல, பல முறை வந்து போனால்தான் காய் நேராக, முழுதாக வளரும்.

தேனீ செய்ய வேண்டியதைக் கொஞ்ச நாளைக்கு நீங்கள் செய்யுங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களைச் சுற்றிலும் உரித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் பொடி ஒட்டிய சிறு குமிழ் மிஞ்சும். விரலில் தொட்டால் மாவு ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் வேறு பூ எடுங்கள். பெண் பூவின் நடுவில் மூன்று பிரிவாக, லேசான ஈரப்பசையோடு சூல்முடி தெரியும். மூன்று பிரிவிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் மறுபடி வளைந்துதான் வரும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ செலவழித்தாலும் தவறில்லை, ஆண் பூவுக்குப் பஞ்சமே இருக்காது.

வேப்பெண்ணெயைப் பூச்சி கண்ணில் பட்டால் மட்டும், பூக்கள் மூடிய பிறகு மாலையில் தெளியுங்கள்: லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு. வெயிலில் தெளித்தால் இலை கருகும். இலையில் சாம்பல் பூத்தது போல் தெரிந்தாலும் கந்தகத் தூள் மட்டும் தூவாதீர்கள், பூசணிக் குடும்பத்துக்கு அது ஆகாது. பந்தலுக்குப் பக்கத்தில் நாலு துளசிச் செடியைப் பூக்க விட்டு, அகலத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீரும் வையுங்கள். தேனீ தானே வழி கண்டுபிடிக்கும்.

கசப்புக்குப் பாகல் காரணமே இல்லை அம்மா. பாகல் மகரந்தம் வெள்ளரியில் சேராது. வெள்ளரிக்குள்ளேயே இரண்டு ரகம் கலந்தாலும் அந்தக் குணம் விதையில் போய் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். நீங்கள் நறுக்கும் காயின் சதையில் தெரியாது. கசப்பு என்பது குக்குர்பிட்டசின் என்ற பொருள். கொடி தண்ணீருக்கு வாடும்போதும் வெயிலில் தவிக்கும்போதும் அது கூடும். காம்புப் பக்கமும் தோலை ஒட்டியும்தான் அதிகம் தங்கும். லேசான கசப்பென்றால் காம்பிலிருந்து ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, தோலைச் சற்று ஆழமாகச் சீவிச் சாப்பிடலாம். கடுமையாகக் கசந்தால் ஒரு துண்டுகூட விழுங்காதீர்கள், குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள். வயிற்றைக் கலக்கி வாந்தியில் கொண்டுபோய் விடும்.

பங்குனி வெயிலில் மொட்டை மாடித் தளமே பையைக் கீழிருந்து சுடும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மண் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலையோ தென்னை நாரோ மூடாக்குப் போடுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டினால் கசப்புதான் கூடும். பகல் பன்னிரண்டு முதல் நாலு வரை நிழல்வலை கட்ட முடிந்தால் நல்லது. கடும் வெப்பத்தில் பெண் பூ குறைந்து ஆண் பூவே மிகும். இந்தக் கோடையில் அது ஓரளவு இருக்கத்தான் செய்யும். அடுத்த விதைப்பை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் சேராமலே காய்க்கும் ரகங்களும் கடையில் கிடைக்கின்றன. விதை விலை அதிகம், காயிலிருந்து விதை எடுத்து வைக்கவும் முடியாது. உங்கள் மாடி உயரத்துக்கு இரண்டு பையில் மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

நாளைக் காலை பத்துப் பெண் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்த்து, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். இரண்டு பூவை ஒன்றும் செய்யாமல் விட்டு வெள்ளை நூல் கட்டுங்கள். நாலைந்து நாளில் எந்த நூல் பிஞ்சு பருக்கிறது, எது மஞ்சளாகிறது என்று பார்த்து எழுதுங்கள். சிவப்பு நூலும் உதிர்ந்தால், பிளந்த பிஞ்சின் படத்தோடு அனுப்புங்கள், வேறு காரணம் தேடுவோம்.