65-இல் பிறந்தவர் ஏன் 2065 ஆகிறார்?

பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிய கோடில் பிறந்த தேதிகளைப் படிக்கும்போது, 72 என்ற வருடம் 1972 என்று வருகிறது, 65 மட்டும் 2065 ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோடில் பிழை இல்லை. பைத்தான் இரண்டு இலக்க வருடத்தைப் படிக்கும்போது 69 முதல் 99 வரை 1900-களிலும், 00 முதல் 68 வரை 2000-களிலும் போடும். அதனால்தான் 72 சரியாக வருகிறது, 65 மட்டும் 2065 ஆகிறது.

68, 69 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். 2068, 1969 என்று வந்தால் காரணம் இதுவேதான்.

பிறந்த தேதி என்பதால் தீர்வு எளிது: கிடைத்த தேதி இன்றைக்குப் பிறகு இருந்தால் வருடத்தில் 100-ஐக் கழியுங்கள். ஆனால் 1920-இல் பிறந்தவர் 2020 குழந்தையாகவே நிற்பார். அதை எந்தக் கோடாலும் கண்டுபிடிக்க முடியாது, 20 என்பதில் அந்தத் தகவலே இல்லை. காலாவதித் தேதிகள் வருங்காலத்தில் இருக்கலாம் என்பதால் அவற்றுக்கு இந்தக் கழித்தலைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.

அப்புறம், ஃபைல் எக்செல்லில் இருந்து வந்ததா? சிஎஸ்வி-யாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக) சேமிக்கும்போது செல்லில் தெரிகிற வடிவம்தான் போகும். மூலத்தில் நான்கு இலக்கமும் இருந்தால், செல் வடிவத்தை மாற்றி மறுபடி எடுப்பதே நல்லது.

இதே கோப்பைப் பிஎச்பி என்ற நிரல் மொழியிலும் படிக்கிறீர்கள் என்றால் கவனம், அங்கே எல்லை 70. 69 அங்கே 2069 ஆகிவிடும்.