முன்பல் இம்ப்ளான்ட்: டைட்டானியமா, சிர்கோனியாவா?

மேல் முன்பல்லுக்கு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்), ஈறு மெலிசு, மலிவான கம்மல் போட்டாலே காது புண்ணாகிறது, அதனால் உலோகமே வேண்டாம் என்கிறீர்கள். காதைப் புண்ணாக்குவது பெரும்பாலும் நிக்கல். டைட்டானியம் ஒவ்வாமை மிக அரிது. 1965 முதலே மனிதத் தாடையில் பொருத்தி வருகிறார்கள்.

யோசிக்க வேண்டியது அந்த மெலிந்த ஈறுதான். எனக்குச் சிரித்தால் ஈறோரம் சாம்பல் பாய்ந்த மாதிரி ஒரு கோடு தெரியும், உள்ளே இருப்பது டைட்டானியம். சிர்கோனியா வெள்ளைப் பீங்கான் வகை, அந்த நிழல் விழாது. ஆனால் வேரும் மேல்பகுதியும் ஒரே துண்டாக வரும் சிர்கோனியாவில் கோணம் பிசகினால் பிறகு திருத்துவது கஷ்டம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பீர்கள் என்றால் விரிசல் விடும் அபாயமும் உண்டு, அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

எலும்புக்குள் டைட்டானியம், ஈறு மட்டத்தில் சிர்கோனியா அபட்மென்ட் (வேரையும் மேலே வரும் பல்லையும் இணைக்கும் துண்டு) என்று நடுவழி ஒன்று இருக்கிறது. உங்கள் இடத்தில் நானிருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.