உருக்குச் சட்டகம் எங்கே வளைய வேண்டும்?

நிலநடுக்கத்தைத் தாங்கும் உருக்குக் கட்டடங்கள் பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குக் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரின் பதில்கள்.

வவுனியா வாசகர்: இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லையே. நமக்கு எதற்கு இந்தக் கணக்கு?

உண்மைதான், விளிம்பு சுமாத்திராப் பக்கம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவில் கடல் ஏறியதும் அங்கே நிலம் அசைந்ததால்தான். இங்கே அதிர்வு குறைவு, செலவையும் அதற்கேற்பக் குறைக்கலாம். கணக்கையே விட்டுவிடலாம் என்று சொல்லமாட்டேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நாளை எந்த நாட்டில் கட்டுவார்களோ!

மாங்குளம், அரிசி ஆலை உரிமையாளர்: தம்பி, தடித்த இரும்பாகப் போட்டால் தாங்கும்தானே?

ஐயா, நிலம் அசையும்போது கட்டடத்தின் சொந்த நிறைதான் அதற்கு எதிரியாகிறது. நிறை கூடினால் விசையும் கூடும். மேல்மாடி நெல் மூட்டைகளை முதலில் கீழே இறக்குங்கள். தூண்களை இணைக்கும் கிடை விட்டமான தீராந்தி தடித்துத் தூண் மெலிந்தால் இன்னும் கேடு: தூண் முதலில் மடங்கி, ஒரு மாடியே சாய்ந்துவிடும். பொருத்தில் சேரும் தூண்களின் வளைவுத் தாங்குதிறன் தீராந்திகளினதைவிட 1.3 மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதிக்கோவை 8.

கிளிநொச்சி மாணவி: சட்டகத்துக்குக் கணினி தந்த மிகக் குறைந்த நிறைத் தீர்வை விரிவுரையாளர் ஏற்கவில்லை. ஏன்?

நிறையை மட்டும் இலக்காகக் கொடுத்திருப்பீர்கள், தங்கச்சி. உயரமான சட்டகங்களில் பெரும்பாலும் வலிமையைவிட, மாடிகளுக்கிடையேயான பக்கப்பெயர்ச்சியே, அதாவது ஒரு மாடி அடுத்த மாடியைவிட எவ்வளவு பக்கமாக நகர்கிறது என்பதே, இரும்பின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்தப் பெயர்ச்சிக்கான எல்லையையும் தூண்-தீராந்தி விகிதத்தையும் நிபந்தனையாகச் சேருங்கள். இரும்பு வகைகளையும் குறையுங்கள். மாடிக்கு மாடி வேறு அளவென்றால் யார் வாங்கித் தருவார்கள்?

புதுக்குடியிருப்பு, வெல்டிங் தொழிலாளி: அண்ணா, இதில் என் பங்கு என்ன?

பெரும்பங்கு, தம்பி. 1994 ஜனவரி 17 அன்று கலிபோர்னியாவின் நோர்த்ரிட்ஜில் 6.7 அளவு நிலநடுக்கம். வளைந்து கொடுக்கும் என்று நம்பிய நூற்றுக்கும் மேற்பட்ட உருக்குக் கட்டடங்களில் வெல்டிங் பொருத்துகள் வெடித்திருந்தன. பல வெடிப்புகள் தீராந்தியின் கீழ் விளிம்பில், அதாவது I வடிவத்தின் கீழ்த் தட்டில்தான் தொடங்கின. உருகிய உலோகம் ஒழுகாதபடி அடியில் ஒரு பட்டை வைப்பீர்களே, அதை அங்கேயே விட்டிருந்தார்கள். பட்டைக்கும் தூணுக்கும் நடுவே நிற்கும் மயிரிழை இடைவெளியே வெடிப்புக்கு வாசல். பட்டையைக் கழற்றி, அடியைச் சுரண்டிச் சுத்தமாக்கி, அந்த இடத்திலேயே இன்னொரு ஒட்டு போடுங்கள்.

பின்னர் வந்த வழியொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். தூணிலிருந்து சற்றுத் தள்ளி, தீராந்தியின் விளிம்புகளை இருபுறமும் உடுக்கின் இடைபோல வெட்டுவார்கள்; பக்கத்துக்கு அகலத்தில் கால்வாசிக்கு மேல் போகாது. வளைவு அந்த இடுப்பில் நடக்கும், ஒட்டு பிழைக்கும். வெட்டிய விளிம்பில் கீறலிருந்தால் அரைத்து மழமழப்பாக்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன் என்னைக் கூப்பிடுங்கள். அடித்தபின் எதுவும் தெரியாது.