கடைசி நேரத்தில் மனந்திரும்பும் குற்றவாளிக்கும் மன்னிப்பு உண்டென்றால், நேர்மையாக வாழ்ந்தவனுக்கு என்ன பயன்?

யாழ்ப்பாணத்தில் சைவ நண்பர்களோடு சமயம் கதைக்கும்போது நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. செய்த வினையை அனுபவித்தே தீரவேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கிறிஸ்தவர்கள் சொல்லும் கிருபை, அதாவது தகுதி பாராமல் கடவுள் காட்டும் இரக்கம், பொறுப்பற்ற சலுகையாகத் தோன்றுவது இயல்பே. (தகுதியற்ற தம்மை இறைவன் ஆட்கொண்டதை எண்ணி உருகிய அடியார்களைச் சைவமும் நன்கறியும் என்பது வேறு விடயம்.)

விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் வரும் கூலியாட்களும் இதையே கேட்கிறார்கள். விடியற்காலை முதல் வெயிலில் வேலை செய்தவர்களுக்கும், பொழுதுசாய ஒரு மணிநேரம் மட்டும் வேலை செய்தவர்களுக்கும் தோட்டத்தின் சொந்தக்காரர் ஒரே கூலியான ஒரு தெனாரியத்தை (அக்கால உரோம வெள்ளிக்காசு) கொடுக்கிறார். முதலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். ஆனால் பேசிய கூலியில் அவர்களுக்கு எதுவும் குறையவில்லை. பிந்தி வந்தவர்களோ, தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று பகல் முழுவதும் சந்தியில் நின்றவர்கள். நாட்கூலிக்குப் போகும் எவரும் அதை ஓய்வு என்று சொல்லமாட்டார்கள். நேர்மையாக வாழ்ந்தவனுக்கு என்ன பயன் என்ற கேள்வி, இறைவனோடு வாழ்ந்த காலத்தைச் சுமையாகவும், அவரை விட்டு வாழ்ந்த காலத்தை இலாபமாகவும் கணக்கிடுகிறது. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை.

இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு, அங்கே மனந்திரும்பிய கள்வனுக்கு நற்செயல் செய்ய நேரமே இருக்கவில்லை. தனக்குக் கிடைத்த தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டு, தன்னை நினைத்தருளும்படி மட்டுமே அவன் கேட்டான். ஆனால் நேரம் இருந்த சகேயு என்ற வரி வசூலிப்பவன், இயேசு தன் வீட்டுக்கு வந்தபின், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். இயேசு அவனைப் பேர்சொல்லி அழைத்தது முதலில். திருப்பிக் கொடுப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் கிருபை வெறும் கொடுக்கல்வாங்கலாகிவிடும். மன்னிப்பு மனிதனின் தகுதியால் கிடைப்பதில்லை, ஆனால் அது அவனை நற்செயலுக்கு எழுப்புகிறது என்பதை, நூற்றாண்டுகளாக முரண்பட்டிருந்த கத்தோலிக்கரும் லூத்தரன் திருச்சபையினரும் 1999இல் கூட்டாகவே அறிக்கையிட்டார்கள். கத்தோலிக்க மரபிலும், களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை பாவசங்கீர்த்தனம் செய்வதால், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதால், மட்டும் தீர்ந்துவிடுவதில்லை.

ஆகவே, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மாரிடம், "கடவுள் மன்னிக்கிறார், நீங்களும் மன்னித்துவிடுங்கள்" என்று கிறிஸ்தவர்களான எங்களில் சிலர் சொல்வதை என்னால் ஏற்கமுடிவதில்லை. மன்னிக்கும்படி இயேசு சீடர்களுக்குக் கற்பித்தது உண்மைதான். எனினும் காயப்பட்டவரிடம் அதை வற்புறுத்திப் பெறும் உரிமையை அவர் எவருக்கும் கொடுக்கவில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அந்தத் தாய் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள். கிருபையைப் பற்றிய பிரசங்கம் முதலில் அவர்களிடம்தான் போகவேண்டும்.