அப்பாவின் டிரங்குப் பெட்டி யாருக்கு?

கேள்வி: என் அப்பா ராணுவ உளவுப் பிரிவில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு டெல்லியில் சில ஆண்டுகள் வெளியுறவு ஆலோசகராகவும் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் காலமானார். கடைசி ஏழு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான். அண்ணன் அமெரிக்காவிலிருந்து காரியத்துக்கு மட்டும் வந்து போனார். "என் டைரிகள், கடிதங்கள், காகிதங்கள் எல்லாம் என் மகளுக்கு" என்று அப்பா உயில் எழுதிப் பதிவும் செய்திருக்கிறார். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. சில கோப்புகளில் 'ரகசியம்' என்ற முத்திரையும் உண்டு. கொள்ளி வைத்த மகனுக்குத்தான் உரிமை என்று சொல்லி, அவற்றை அங்குள்ள ஒரு பல்கலைக்கழகக் காப்பகத்துக்குக் கொடுக்க அண்ணன் ஏற்பாடு செய்கிறார். அவர் கேட்டாரே என்று நாற்பது பக்கம் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதைப் பல்கலைக்கழகத்துக்குக் காட்டிவிட்டார். கோர்ட்டில் தடை வாங்க முடியுமா?
– வாசகி, வேலூர்

பதில்: ஏழு வருடம் யார் பார்த்துக்கொண்டார்கள், கொள்ளி வைத்தது யார் என்பதையெல்லாம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் மனக்குறை நியாயமானதுதான், ஆனால் இந்த விஷயத்தில் அதற்கு வேலை இல்லை. உயில் சரியாக இருந்தால் அண்ணனுக்கு இதில் பங்கு கிடையாது. இதுவரை சுலபம்.

உயிலால் எதைக் கொடுக்க முடியும் என்பதுதான் கேள்வி. அப்பாவுக்குச் சொந்தமாக இருந்ததை மட்டுமே கொடுக்க முடியும். முத்திரை குத்திய கோப்பு அவருடையது அல்ல, அரசாங்கத்துடையது. அது உங்களுக்கும் வராது, அண்ணனுக்கும் போகாது. அண்ணனோடு சண்டை போடும் அவசரத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேறொருவர் உபயோகத்துக்காகக் கொடுக்கப்பட்ட அரசு ஆவணத்தை உரிய காரணம் இல்லாமல் வைத்திருப்பதும், எப்படியோ கைக்கு வந்ததை வேண்டுமென்றே திருப்பிக் கொடுக்காமல் இருப்பதும் 6-ஆம் பிரிவின்படி குற்றம். ரகசியத் தகவலை அனுமதி இல்லாதவருக்குத் தெரிவிப்பது 5-ஆம் பிரிவு. இரண்டுக்கும் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. எடுத்து வந்தது அப்பாதானே, நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அவர் இறந்த நாளிலிருந்து பெட்டிச் சாவி உங்களிடம் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

முத்திரை இல்லாத காகிதம் என்றால் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உளவு பார்ப்பதைக் குற்றமாக்கும் இதே சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் பற்றிய ஒரு வழக்கில், 'ரகசிய' என்ற சொல் சங்கேதக் குறியீட்டையும் கடவுச்சொல்லையும் மட்டும்தான் குறிக்கும், வரைபடம், குறிப்பு, ஆவணம் ஆகியவற்றுக்கு அந்த அடைமொழி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற பி.கே. சுப்பாராவை 1988-இல் மும்பை விமான நிலையத்தில் கைது செய்தார்களே, அப்போது அவர் பெட்டியில் இருந்தது அவரே எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு. பிறகு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்குள் இருபது மாதம் சிறையில் போய்விட்டது. ஆகவே அப்பா கைப்பட எழுதிய டைரியிலும், பணிக்காலப் பக்கங்களைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். இதுபோன்ற கட்சிக்காரர்கள் விழுந்த குழியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தடை கேட்டால் மனுவோடு சொத்து விவரப் பட்டியல் இணைக்க வேண்டும், பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியின் பிள்ளைகள் என்னிடம் வருவதற்கு முன்பே அப்படி ஒரு வழக்குப் போட்டிருந்தார்கள். பட்டியலில் 14-ஆவது இனமாக "பச்சை அட்டைக் கோப்பு ஒன்று, எல்லை வரைபடம் மூன்று" என்று இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் கோடிட்டு எடுத்துவந்து, "இது இவர்கள் கைக்கு எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்டார். அவர்கள் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் கோர்ட் கட்டிலேயே இருந்தது. அப்புறம் இரண்டு வருடம் விளக்கம் எழுதியே அந்தக் குடும்பம் களைத்துப்போனது. இந்தச் சட்டத்தில் அரசாங்கம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும் என்பது உண்மைதான். அந்தப் புகாருக்கு வேண்டிய சாட்சியத்தை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

அண்ணனின் நிலைமை உங்களுடையதைவிட மோசம். 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அரசு ஆவணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஐந்து வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முறைப்படி அல்லாமல் அழிப்பதற்கும் அதே தண்டனைதான். அதனால் பயந்துபோய் கொல்லைப்புறத்தில் எரிப்பது, பழைய பேப்பர்காரரிடம் போடுவது இரண்டும் கூடாது. வாட்ஸ்அப் படங்களையும் இப்போது அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழித்தார் என்ற பெயர் அதைவிடப் பெரிய தொல்லை. இனி ஒரு பக்கம்கூட யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்ட நாற்பதைப் பற்றி ஒரு குற்றவியல் வக்கீலிடம் இந்த வாரமே நேரில் பேசுங்கள். எழுத்தில் எதுவும் வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? அண்ணனோடு சமரசம் செய்துகொள்ளுங்கள். உங்கள் கை பலமாகத்தான் இருக்கிறது. வெளிவராத கையெழுத்துப் பிரதியை ஒருவருக்கு உயில் எழுதினால், வேறுவிதமாகச் சொல்லாதவரை, எழுதியவரிடம் இருந்த பதிப்புரிமையும் அதோடு சேர்ந்து வரும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. ஆகவே டைரியை அண்ணன் உங்களைக் கேட்காமல் வெளியிட முடியாது. அப்பாவுக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்கள் அப்படி அல்ல. தாள் உங்களுடையது, அதைப் பிரசுரிக்கும் உரிமை எழுதியவருடையது.

முதலில் வக்கீல் ஒருவரை வைத்துக்கொண்டு பெட்டியைத் திறங்கள். உள்ளே படிக்க வேண்டாம், முகப்புத் தாளும் முத்திரையும் போதும். சந்தேகம் வந்த காகிதத்தையெல்லாம் அரசாங்கத்துக்கு என்று தனிக் கட்டாக வையுங்கள். அந்தக் கட்டை வக்கீல் கடிதத்தோடு, கட்டு எண்ணிக்கை மட்டும் குறிப்பிட்டு உரிய அமைச்சகத்தில் ஒப்படைத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தானமாகக் கொடுக்கலாம். தனியாரிடமிருந்து ஆவணங்களை வாங்கிக்கொள்ள அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இந்திரா காந்தியின் ஆலோசகராக இருந்த பி.என். ஹக்சரின் காகிதங்கள் இருக்கும் டெல்லி தீன்மூர்த்தி நூலகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். கொடுக்கிறவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரும் சேரட்டும். அவருக்கு உண்மையில் வேண்டியது அதுவாகத்தான் இருக்கும், உங்களுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. பத்திரத்தை மட்டும் அவசரப்படாமல் எழுதுங்கள். எத்தனை வருடம் மூடி வைப்பது, பார்க்க அனுமதி தருவது யார், திரும்பக் கேட்க முடியுமா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதே தீன்மூர்த்தியிலிருந்து 2008-இல் திரும்ப எடுத்துச் செல்லப்பட்ட 51 பெட்டி நேரு ஆவணங்கள் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். போன் செய்து, பல்கலைக்கழகத்துக்கு இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை ஊருக்கு வரும்போது இருவருமாக ஒரே வக்கீலிடம் போங்கள். அதுவரை இரண்டு பெட்டியும் பூட்டியபடியே இருக்கட்டும்.